எண்பது அக்காவின் மஞ்சள் கிளிப்

நீல ஏப்ரனில் கையைத் துடைத்தபடியே அடித்தளத்துப் படிகளில் ஏறி வந்து, வரிசையாக நிற்கும் கார்களை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார் அக்கா. ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கார் நிறுத்துமிடத்தில் மின்சாரக் கார்களுக்கென்று இருப்பவை நான்கே சார்ஜர்கள். அவற்றை நம்பி வருகிற கார்களோ அதற்குப் பல மடங்கு. ஒவ்வொரு கம்பத்தின் திரையிலும் ஓடும் எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் படிக்கிறார். அறுபத்து நாலு, போகட்டும். எழுபத்தொன்று, போகட்டும். மூன்றாவது தொண்ணூறைத் தாண்டி நிற்கிறது. ஏப்ரன் பைக்குள் கை போகிறது. அழுக்குத் துணிப் பைகளின் வாயை இறுக்கிப் பிடிக்கிற பெரிய மஞ்சள் கிளிப் ஒன்று வெளியே வந்து, அந்தக் காரின் வைப்பர் மேல் டப்பென்று உட்காருகிறது.

அந்தக் கிளிப்புக்கு என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். கார்க்காரர் யாராக இருந்தாலும் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடித்தளத்துச் சலவைப் பிரிவுக்கு இறங்கி வர வேண்டும். அக்காவின் கையில் நேரில் கொடுக்க வேண்டும். அவர் திட்டுவதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நிர்வாகம் இப்படி ஒரு விதி போடவே இல்லை. போட்டிருந்தால் ஒருவரும் மதித்திருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அடிக்கடி மாட்டுகிறவர் மருந்தகத்துக்காரர். நாற்பது வயது, நல்ல மனிதர், ஞாபக மறதி கொஞ்சம் அதிகம். காரைச் சொருகிவிட்டு மருந்துச் சீட்டுகளுக்குள் தலையைக் கொடுத்தால் சாயங்காலம்தான் கார் ஞாபகம் வரும். கிளிப்பைத் தூக்கிக்கொண்டு அசடு வழிய வந்து நிற்பார்.

"வயிறு நெறஞ்சப்புறமும் நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி தம்பி? பின்னாடி நிக்கறவன் பசியோடவே போகணுமா?"

"இன்னும் பத்துதான்கா பாக்கி இருந்துச்சு..."

"அந்தப் பத்து ஏறத்துக்குள்ள இன்னொருத்தர் வீடு போய்ச் சேர்ந்துருவாரு. எண்பது ஆனா எடுங்க. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க."

எண்பது அக்கா என்று பெயர் வந்தது இப்படித்தான் என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. சலவைப் பிரிவில் ஆள் உயரத்துக்கு இருக்கும் துவைப்பு டிரம்களில் துணியைத் திணிக்க அவர் விட்டதே இல்லை. முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். துணி புரள இடம் வேண்டும், புரளாத துணி வெளுக்காது என்பார். அவசரமாக நூறு படுக்கை விரிப்பு வேண்டும் என்று வார்டிலிருந்து தொலைபேசியில் தலைகீழாக நின்றாலும், டிரம்மில் ஒரு விரிப்பு கூடுதலாகப் போகாது. அக்காவுக்கென்று ஒரு மின்சாரக் கார் வந்த அன்று, சாவி கொடுத்த பையன் "எண்பது வரைக்கும் சார்ஜ் போட்டா பேட்டரி நல்லா உழைக்கும்மா" என்று சொன்னபோது, "இதைத்தானே நான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று அவனையே திருப்பிக் கேட்டாராம்.

அதற்குப் பிறகு எண்பது அவருக்கு ஒரு சட்டமாகிவிட்டது. தேநீர்க் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினால் எடுத்துக்கொள்ளமாட்டார். பேச்சிலும் அப்படித்தான். வம்பை ஆரம்பித்து வைப்பார், கேட்கிறவர்கள் நாற்காலியின் நுனிக்கு வந்ததும், "சரி, அது எதுக்கு நமக்கு" என்று எழுந்து போய்விடுவார். துணி மடிக்கும் மேசையில் உடன் நிற்கிற பெண்களுக்கு இதில் பெரிய வயிற்றெரிச்சல். மிச்ச இருபதைத் தெரிந்துகொள்ள அவர்கள் மாடி மாடியாக அலைய வேண்டியிருக்கிறது.

வேலையில் மட்டும் குறை வைக்கமாட்டார். சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து தகடு போல வெளிவரும் விரிப்பை இரண்டு பேர் பிடித்து இழுத்து மடிக்க வேண்டும். எதிரே நிற்பவள் ஒரு நொடி தாமதித்தால், "கல்யாணப் பொண்ணு மாதிரி தலைய குனிஞ்சுக்கிட்டு நிக்காத, இழு" என்பார். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுப் பைகளிலிருந்து பேனா, சாக்லேட், வீட்டுச் சாவி, ஒரு முறை பல்செட் கூட வந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஜன்னலோரத் தட்டில் வரிசையாக வைத்திருப்பார். பல்செட் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டே இருக்கிறது, கேட்டு யாரும் வரவில்லை.

இந்த அடித்தளத்துக்கு மின்சாரக் கார் வந்து சேர்ந்ததே ஓர் அதிசயம்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் உணவக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஊழியர்கள் சம்பளப் பிடித்தத்தில் மின்சாரக் கார் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே, வரி போடுவதற்கும் முன்பே, மாத வாடகை கழிந்துவிடும். காப்பீடு, டயர், பழுது பார்ப்பது எல்லாம் அதிலேயே அடக்கம். வரிக்கு முன்னால் கழிவதால், தானாகப் போய் ஒரு கார் எடுப்பதைவிடக் கணிசமாகக் குறையும். டாக்டர்களும் அதிகாரிகளும் உடனே கையெழுத்துப் போட்டார்கள். அடித்தளத்திலிருந்து ஏறிப் போய்க் கேட்ட முதல் ஆள் அக்கா. பிடித்தம் போக மீதிச் சம்பளம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. மடிப்பு மேசைப் பெண்களில் பலருக்கு அதனாலேயே கிடைக்கவில்லை. அக்காவுக்கு வேலை பார்த்த வருஷங்கள் கைகொடுத்தன, மயிரிழையில் தேறினார்.

"மாசா மாசம் இவ்வளவு போகுதே, வலிக்கலையாக்கா?" என்று மேசைப் பெண்கள் கேட்டார்கள்.

"கைக்கு வந்த காசை எடுத்துக் குடுக்கறதுதான் வலிக்கும். கைக்கே வராத காசு போனா எங்கடி வலிக்கும்?"

ஆனாலும் அதைத் தன் கார் என்று அவர் சொல்லிக் கேட்டவர் கிடையாது. 'அவங்க வண்டி' என்றுதான் சொல்வார். அவங்க வண்டிக்கு டயர் மாத்தணும். அவங்க வண்டியில சேறு பட்டுடுச்சு. போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிறுத்தி, "வண்டி யாருதும்மா?" என்று கேட்டபோதும், "அவங்களுது சார், நான் ஓட்டுறேன்" என்று சொல்லி வைத்தார். ஆவணங்களையெல்லாம் எடுத்துக் காட்டி வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இருக்கைகளின் மேல் வெள்ளை விரிப்பு போட்டு, மூலைகளை ஆஸ்பத்திரிக் கட்டில் போலச் சொருகி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் காரின் உடம்பு முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். திருப்பிக் கொடுக்கும்போது கீறல் இருந்தால் பணம் கேட்பார்களாம். காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வார் அவர் கணவர்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வாரம் முழுக்க வளைந்து வளைந்து ஓட்டுகிற மனிதர், விடுமுறை நாளில் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்பார். அக்காதான் ஓட்ட வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவார். தூக்கத்திலும் இடது கால் இல்லாத கிளட்ச்சை மிதித்துக்கொண்டே வரும். "சத்தமே இல்லாம ஒரு வண்டியா? ஓடுதா நிக்குதான்னு எட்டிப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும் போல" என்பது அவருடைய நிரந்தரக் குறை. குடியிருப்போ மூன்றாம் மாடியில். வீட்டில் சார்ஜ் போட வழி இல்லை. ஆஸ்பத்திரிக் கம்பங்களை விட்டால் அக்காவுக்கு வேறு கதி இல்லை. எண்பது விதியில் அவர் இத்தனை கண்டிப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதற்காக அந்தக் காரை எடுத்தார் என்பதை மட்டும் அவர் அடித்தளத்தில் யாரிடமும் சொன்னதில்லை. வழக்கம் போல எண்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மலைக்கு அந்தப் பக்கத்து நகரத்தில் அவருடைய தங்கை இருக்கிறாள். ஒரே தங்கை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் தங்கையின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அப்போது அக்கா வீட்டில் யாரோ ஓட்டித் தேய்த்துக் கொடுத்த பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. செய்தி வந்த கையோடு கிளம்பினார்கள். மலைப்பாதையின் பாதியில் ரேடியேட்டர் கொதித்துப் புகை கக்கிக்கொண்டு கார் நின்றது. கணவர் பேருந்தில் காட்டும் வித்தையையெல்லாம் காட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. மெக்கானிக் வந்து, அவனுக்குச் சாமான் வந்து, எல்லாம் முடிந்து போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. முற்றத்தில் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதரின் முகத்தை அக்கா பார்க்க முடியவில்லை. வாசலில் நின்ற தங்கை அழவில்லை.

"நீ எப்பவுமே பாதி வழியில நிக்கற ஆளுதானேக்கா" என்றாள்.

அது கார் விஷயம் மட்டுமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். தங்கையின் முதல் பிரசவத்துக்குக் கூட இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, விடுப்பு இல்லை, ஆள் இல்லை என்று ஆஸ்பத்திரி கூப்பிட்டதும் நடுவில் கிளம்பி வந்தவர் இவர். இரண்டாவதுக்குப் போகவே இல்லை. சொன்ன சொல்லில் பொய் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். உண்மையாக இருந்ததால் அக்கா வாயைத் திறக்காமல் திரும்பி வந்தார்.

அடுத்த வருஷம் அந்த அறிவிப்பைப் பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது விலையோ வரியோ இல்லை. 'புத்தம் புதிய வாகனம், பழுது நேர்ந்தால் பொறுப்பு எங்களுடையது' என்ற வரிதான். இனி வழியில் நிற்காத ஒரு வண்டி. அதில் ஏறி, அந்த வாசலில் போய் இறங்க வேண்டும். அதற்காகத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் போகவில்லை. கார் வந்த மாதம், கை பழகட்டும் என்றார். பிறகு மழை. பிறகு, மலை ஏற்றத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்று யாரோ சொன்னார்கள். எண்பதை வைத்துக்கொண்டு மலையைத் தாண்ட முடியாது. "வழியில ரெண்டு எடத்துல சார்ஜர் இருக்கு, போட்டுக்கிட்டுப் போலாம்மா" என்றார் கணவர். "வழியில நிக்கவே கூடாது" என்றார் அக்கா. அப்புறம், வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே, அதைச் சேமிக்க வேண்டும் என்று ஒரு சாக்கு. கார் வாசலில் நிற்க, பேருந்தில் வேலைக்குப் போன நாட்களும் உண்டு.

"கிலோமீட்டரைச் சேத்து வெச்சு என்ன செய்யப் போற? அடுத்த ஜென்மத்துக்கு எடுத்துக்கிட்டுப் போவியா?" என்று கணவர் ஒரு நாள் கேட்டே விட்டார்.

அக்காவுக்குப் பயம் பேட்டரியைப் பற்றியது இல்லை. கார் நின்றுவிடாமல் போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கதவைத் தட்ட வேண்டுமே, அதுதான் பயம். தொலைபேசியில் பேசிக்கொள்ளாமல் இல்லை. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், மழை உண்டா, முட்டி வலி தேவலையா என்று வளர்ந்து வரும் பேச்சை, ஒரு இடத்துக்கு வந்ததும் இருவருமே ஒன்றாக நிறுத்திக்கொள்வார்கள். "சரி, வெக்கறேன்" என்று யார் முதலில் சொல்வது என்பதில்தான் போட்டி.

இப்படி இருக்கையில் ஒரு நாள் அடித்தளத்துக்கு ஒரு செய்தி வந்தது. சலவைப் பிரிவை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கிறார்கள். யாருக்கும் வேலை போகாது. அதே டிரம், அதே உருளை, அதே அடித்தளம். கழுத்தில் தொங்கும் அட்டை மட்டும் மாறும். மடிப்பு மேசைப் பெண்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். அக்காவை மட்டும் மனிதவள அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துத் தன்மையாகத்தான் சொன்னாள். "இந்தத் திட்டம் ஆஸ்பத்திரிச் சம்பளத்துல இருக்கறவங்களுக்கு மட்டும்தான்மா. புது நிறுவனத்துல இது கிடையாது. வண்டியை வர்ற திங்கக்கிழமை வந்து எடுத்துக்குவாங்க. நீங்க மேற்கொண்டு எதுவும் கட்ட வேண்டாம்."

"கீறல் ஒண்ணு கூட இல்லம்மா" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது வைப்பர் எதையும் அவர் பார்க்கவில்லை. காரில் ஏறி, கிளப்பாமல், ஸ்டீயரிங் மேல் கையை வைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நான்கு வருஷமாக அவங்க வண்டி, அவங்க வண்டி என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அது அவர்களுடையதாகவே ஆகிவிட்டது. அவர் எதற்காக எடுத்தாரோ அந்த ஒரு பயணம் மட்டும் பாக்கி நின்றது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் தங்கைக்குப் போன் செய்தார். கணவர் நாற்காலியில் காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பியா?"

"நான் எங்கக்கா போகப் போறேன்? ஏன்?"

"வரலாம்னு."

"பஸ்லயா?"

"கார்ல."

"யார் கார்ல?"

"என் கார்ல" என்றார் அக்கா. கணவரின் செய்தித்தாள் கீழே இறங்கியது. நான்கு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் கேட்பது இதுவே முதல் தடவை.

சரி, வெக்கறேன் என்று தங்கை சொல்வாள் என்று அக்கா காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை.

"வழியில நிக்காம வா" என்றாள் தங்கை.

அதைக் குத்திக்காட்டிச் சொன்னாளா, ஆசையாகச் சொன்னாளா என்று அந்த வாரம் முழுக்க அக்காவுக்குப் புரியவில்லை. துணி மடிக்கும்போது அந்த மூன்று வார்த்தையை ஒரு விதமாகச் சொல்லிப் பார்ப்பார். உருளைக்கு அந்தப் பக்கம் போகும்போது இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்ப்பார். எதிரே நின்றவள், "இழுங்கக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கறீங்க" என்று கிடைத்த வாய்ப்பை விடாமல் திருப்பிக் கொடுத்தாள். அக்கா சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்தது. அக்கா ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வண்டி இரண்டாவது கம்பத்தில் சொருகியிருந்தது. பின் இருக்கையில் தங்கையின் பிள்ளைகளுக்கு வாங்கிய துணிகள். வெள்ளை விரிப்பு அன்று புதிதாக வெளுத்துப் போட்டது. திரையில் எண் எழுபத்தெட்டு ஆனது, எழுபத்தொன்பது ஆனது. எண்பது வந்தபோது அவர் கை பழக்கத்தில் கதவுப் பிடிக்குப் போய்விட்டது. பிடியைத் திறக்காமல் கையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். எண்பத்தொன்று. எண்பதைத் தாண்டிய எண்ணை அவருடைய கார் அதுவரை பார்த்ததே இல்லை.

எண்பத்து மூன்றில் மருந்தகத்துக்காரர் வந்தார். மற்ற மூன்று கம்பங்களிலும் இடமில்லை. அக்காவின் திரையை எட்டிப் பார்த்தவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. எத்தனை வருஷக் கணக்கு! விரலை மடக்கிக் கண்ணாடியைத் தட்டினார்.

"எண்பது ஆயிடுச்சுக்கா! எடுங்க, எடுங்க. வயிறு நெறஞ்சப்புறமும் நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு..."

அக்கா கண்ணாடியை இறக்கினார். "இன்னிக்கு நூறு தம்பி."

"திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கப் போற வண்டிக்கு எதுக்குக்கா நூறு?"

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். மலைக்கு அந்தப் பக்கம்."

"அதுக்கென்ன, போற வழியில நிறுத்திப் போட்டுக்கிட்டா ஆச்சு."

"வழியில நிக்கறதா இல்ல."

அவர் குரலில் என்ன இருந்ததோ, மருந்தகத்துக்காரருடைய சிரிப்பு மெல்ல அடங்கியது. "சரிக்கா, நான் காத்திருக்கேன். மெதுவா ஏறட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் காரை மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அக்கா கண்ணாடியை ஏற்றினார். பிறகு மடியிலிருந்த ஏப்ரனைப் பிரித்தார். அதன் பைக்குள் கை போனது. மஞ்சள் கிளிப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, தன் காரின் வைப்பரில் தானே மாட்டினார். நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.